கேமலாட் நாடகம் போட்டதும் நாலாயிரம் டாலர் போனதும்

உள்ளூர் நாடகக் குழுவில் சேர்ந்து டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கும் உங்களிடம் ஒருநாள் யாராவது வந்து, "கணக்கெல்லாம் நன்றாகப் பார்க்கிறீர்களே, இந்த முறை தயாரிப்பாளராக இருங்களேன்" என்று கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். நான் கணக்கெழுதிப் பிழைக்கிறவள், டொராண்டோவுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். மேடை ஏறும் ஆசை துளியும் கிடையாது, ஆனால் நாடகம் பார்க்கப் பிடிக்கும். தயாரிப்பாளர் என்றால் விளம்பரப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பெயர் வரும், மற்றதை எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம் என்றார்கள். முதல் பக்கத்தில் பெயர் வந்தது உண்மை. நடிக்கிறவர்களுக்கு நடிப்பு, இயக்குநருக்கு இயக்கம், அதில் சேராத அத்தனையும் என் தலையில். ஏறக்குறைய ஒரு வருடம் போனது, என் சொந்தக் காசில் நாலாயிரம் கனடா டாலருக்குச் சற்று மேல் போனது. யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் அதில் பாதியாவது மிஞ்சியிருக்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

குழு தேர்ந்தெடுத்தது 'கேமலாட்'. 1960 டிசம்பரில் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறிய இசை நாடகம். வசனமும் பாடலும் ஆலன் ஜே லெர்னர், இசை ஃபிரெடரிக் லோ. ஆர்தர் மன்னன், அவன் ராணி குவினிவியர், பிரான்சிலிருந்து வந்து சேரும் மாவீரன் லான்சலாட், இந்த மூவரின் கதை. லான்சலாட்டை ஆர்தருக்கு உயிருக்கு உயிராகப் பிடிக்கும். ராணிக்கு முதலில் அவனைக் கண்டாலே எரிச்சல், அப்புறம் காதல். ராஜாவுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. வாளை உருவாமல், "நான் நாகரிகமான ராஜ்ஜியம் அமைக்க வந்தவன், இதையும் தாங்கத்தான் வேண்டும்" என்று முடிவெடுக்கிறான். அந்தத் தனிமொழியோடு முதல் பாதி முடியும். நாடகத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். பார்க்க வந்த என் சொந்தக்காரர்கள் இடைவேளையில் கேட்ட முதல் கேள்வி, "ராஜா ஏன் ஒன்றுமே செய்யவில்லை?" இரண்டாம் பாதியில் மன்னனின் முறைதவறிப் பிறந்த மகன் மோர்ட்ரெட் வந்து, அந்த மௌனத்தையே ஆயுதமாக்கி எல்லாவற்றையும் சரித்துவிடுகிறான். முதல் பாதி சிரிப்பு, இரண்டாம் பாதி அழுகை. இரண்டும் சேர்ந்து நீளம். இந்த நீளம்தான் என் வில்லன். அதைச் சொல்வதற்கு முன்னால் உரிமம் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

முதல் கூட்டத்திலேயே ஒருவர், "ஆர்தர் கதை யாருக்கும் சொந்தமில்லை, பழைய ஆங்கில எழுத்தாளர் மாலரி எழுதியது 1485-இலேயே அச்சாகிவிட்டது, எதற்கு உரிமம்?" என்றார். இன்னொருவர் அவரைவிட விவரமானவர். இந்த நாடகத்துக்கு மூலமான நாவலை எழுதிய டி.எச். வைட் 1964-இல் இறந்தார், அப்போதைய கனடா சட்டப்படி இறந்து ஐம்பது வருடம்தான் காப்புரிமை, ஆகவே 2015-லிருந்து இங்கே அது பொதுச்சொத்து என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் நாங்கள் போடப்போவது நாவலை அல்ல, லெர்னரும் லோவும் எழுதிய இசை நாடகத்தை. லெர்னர் இறந்தது 1986, லோ 1988. கனடாவில் 2022-இன் கடைசியில் காப்புரிமைக் காலத்தை எழுபது வருடமாக நீட்டிவிட்டார்கள். கடைசியாக இறந்தவர் லோ, அவர் இறந்த ஆண்டிலிருந்து எண்ணினால் இசைக்கு 2058 முடியும்வரை காப்புரிமை, ஆகவே அதுவரை உரிமம் வாங்காமல் தொட முடியாது. மூன்றாவதாக ஒருவர், அரங்க வாடகையிலேயே பாட்டுக்காரர்களுக்காகக் காப்புரிமைப் பணம் வசூலிக்கும் 'சோகான்' அமைப்பின் கட்டணம் சேர்ந்திருக்கிறதே, அது போதாதா என்றார். போதாது. சோகான் அனுமதி, கச்சேரி மாதிரி பாட்டைத் தனியாகப் பாடுவதற்கு. வேடம் கட்டி, கதையோடு நடித்துப் பாடுவதற்கான அனுமதி முற்றிலும் வேறு. நாடக உரிமம் தரும் நிறுவனத்திடம் நேராக வாங்க வேண்டும். இந்த மூன்று வாதமும் உங்கள் குழுவிலும் வரும், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமத்துக்கு விலைப்பட்டியல் எதுவும் கிடையாது. எத்தனை இருக்கை, டிக்கெட் என்ன விலை, எத்தனை காட்சி என்று கேட்டுக்கொண்டு அவர்களே ஒரு தொகை சொல்வார்கள். அதோடு இசைக்குறிப்புப் புத்தகங்களுக்கான வாடகை, புத்தகம் திரும்பி வரும்வரை முன்பணம், அனுப்பும் செலவு. எல்லாம் அமெரிக்க டாலரில். விலை கேட்ட நாளுக்கும் பணம் கட்டிய நாளுக்கும் இடையில் மாற்று விகிதம் நகர்ந்தது, கடன் அட்டைக்காரர்கள் தங்கள் பங்குக்கு இரண்டரை சதவீதம் எடுத்துக்கொண்டார்கள். அரங்க வாடகை சொன்னவர்களும் வரி நீங்கலாகத்தான் சொல்லியிருந்தார்கள். ஒன்டாரியோவில் அதன்மேல் 13 சதவீதம். வரிப்பதிவு இல்லாத சின்னக் குழுவுக்கு அதைத் திரும்பப் பெறும் வழியும் இல்லை. பட்ஜெட் போடும்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டு கேள்வி எழுதுங்கள்: எந்த நாட்டுப் பணம்? வரி சேர்த்தா, நீங்கலாகவா?

இதைவிடப் பெரிய விஷயம் கையெழுத்து. எங்கள் குழு எங்கும் பதிவானது இல்லை. ஒரு பெயர், ஒரு வங்கிக் கணக்கு, நிறைய உற்சாகம், அவ்வளவுதான். பதிவாகாத குழு ஒப்பந்தம் போட முடியாது. போடுகிற மனிதர்தான் அதற்குப் பொறுப்பு. உரிமம், அரங்கம், ஒலிக்கருவி, காப்பீடு எல்லாவற்றிலும் தயாரிப்பாளர் என்ற இடத்தில் என் பெயர், என் வீட்டு முகவரி. அந்தக் காகிதங்களின்படி நஷ்டம் வந்தால் அது என் நஷ்டம், வந்தது. ஒன்டாரியோவில் இலாப நோக்கற்ற நிறுவனங்களுக்கென்று தனிச் சட்டம் 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்திருக்கிறது, பதிவு செய்வது மலையைப் புரட்டும் வேலை இல்லை. பதிவு முடியும்வரை எந்தத் தாளிலும் உங்கள் பெயரை எழுதாதீர்கள். நண்பர்கள்தானே என்று மனசு இளகும். அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அரங்கத்துக்காரர் அனுப்பும் பில்லில் அவர்கள் பெயர் இருக்காது.

சரி, நீளத்துக்கு வருகிறேன். இந்த நாடகம் முதன்முதலில் மக்கள் முன் வந்ததே டொராண்டோவில்தான். 1960 அக்டோபர் 1, புதிதாகக் கட்டிய ஓ'கீஃப் சென்டர் திறப்பு விழாவுக்கு இதைத்தான் போட்டார்கள். இன்றைக்கு அது மெரிடியன் ஹால். ரிச்சர்ட் பர்ட்டன் ஆர்தர், ஜூலி ஆண்ட்ரூஸ் ராணி, எட்மன்டனில் வளர்ந்த ராபர்ட் கூலே லான்சலாட். அன்று நாடகம் ஓடியது நாலரை மணி நேரம், நள்ளிரவு தாண்டித்தான் திரை இறங்கியது. வெட்டவும் திருத்தவும் உட்கார்ந்த லெர்னருக்கு வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரி. அவர் வெளியே வரும் நேரத்தில் இயக்குநர் மாஸ் ஹார்ட் மாரடைப்போடு உள்ளே போனார். லெர்னரே இயக்கத்தையும் கையில் எடுத்துக்கொண்டு நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அங்கே ஓட ஆரம்பித்த பிறகும், ஹார்ட் உடம்பு தேறி வந்து, இரண்டு பாட்டைக் கழற்றினார்கள். மொத்தம் 873 காட்சி ஓடியது. எழுதியவர்களே வெட்டி வெட்டி ஓய்ந்த நாடகத்தைத்தான் நாங்கள் வாரத்தில் மூன்று சாயங்காலம் ஒத்திகை பார்த்துப் போடக் கிளம்பினோம்.

"நாமும் வெட்டிக்கொள்ளலாமே" என்றார் இயக்குநர். முடியாது. ஒரு வசனத்தை எடுத்தாலும், காட்சியை இடம் மாற்றினாலும் எழுத்தில் அனுமதி வேண்டும். ஒப்பந்தத்தில் தெளிவாகவே இருக்கும், படிக்கிற ஆள் வேண்டும். எங்கள் இயக்குநர் காட்டில் நடக்கும் மாயக்காரி மார்கன் லெ ஃபே காட்சியைத் தானாகவே தூக்கிவிட்டு ஒத்திகையைத் தொடங்கிவிட்டார். கையெழுத்துப் போட்டவள் நான் என்பதால் நான்தான் கடிதம் எழுத வேண்டியிருந்தது. பதில் வரும்வரை அந்த நடிகைக்குப் பாத்திரம் உண்டா இல்லையா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒத்திகைக்கு முன்பே, இயக்குநர் வெட்ட விரும்புவதை எல்லாம் ஒரே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். இன்னொன்று: இதே நாடகத்துக்கு, கொஞ்சம் நடிகர்களை வைத்துப் போடும்படி சுருக்கித் திருத்திய பதிப்பும் உரிமத்துக்குக் கிடைக்கிறது. எங்களுக்கு அது தெரிந்தபோது முன்பணம் கட்டியாகிவிட்டது.

நீளத்துக்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நான் புதுக்கோட்டைப் பக்கம். திருவிழாவில் வள்ளி திருமணம் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடியும்வரை ஓடும். கூட்டம் ரசித்தால் தர்க்கம் இன்னும் ஒரு மணி நேரம் நீளும், பபூன் ஊர்க்கதை எல்லாம் பேசுவார், யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. இங்கே பதினொரு மணிக்கு அரங்கக் காவலாளி சாவிக்கொத்தோடு பக்கவாட்டில் வந்து நிற்பார். பதினொன்றுக்கு மேல் ஒவ்வொரு அரைமணிக்கும் தனி வாடகை, ஆள் கூலி ஒன்றரை மடங்கு. ஏழரைக்குத் தொடங்கி, இடைவேளை இருபத்தைந்து நிமிடமாக நீண்டு, கடைசிப் பாட்டு முடியும்போது பத்தே முக்கால். பார்வையாளர் கலைந்து, வேடம் கலைத்து, மைக் எண்ணி உள்ளே வைப்பதற்குள் பதினொன்றரை. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் கூடுதல் வாடகையாக முந்நூறு டாலருக்கு மேல் வந்தது. வாடகை பேசும்போதே மணி தாண்டினால் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். காட்சியை ஏழு மணிக்கு வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். இரண்டாவது வாரம் அப்படித்தான் செய்தேன்.

இந்த நாடகத்துக்கே உரிய ஒரு சிக்கல், கடைசிக் காட்சியில் வரும் சிறுவன். போருக்கு முந்தைய விடியலில் டாம் என்ற பையன் ஆர்தரிடம் வந்து நானும் வீரனாக வேண்டும் என்பான். போர்க்களத்துக்குப் போகாதே, உயிரோடு திரும்பிப்போய் இந்தக் கதையைச் சொல் என்று அவனுக்குப் பட்டம் சூட்டி அனுப்புவான் மன்னன். மேடையில் சில நிமிடம்தான். ஆனால் பையன் ஆறரைக்கு வந்து வேடம் கட்டி, கிட்டத்தட்ட நாலு மணி நேரம், 'பச்சை அறை' என்று சொல்லும் நடிகர்கள் ஓய்வறையில் காத்திருக்க வேண்டும். மறுநாள் பள்ளிக்கூடம். ஒரு வியாழன் இரவு அவன் அங்கிருந்த சோபாவில் அடித்துப்போட்டது போலத் தூங்கிவிட்டான். அவன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. இரண்டு பையன்களைத் தேர்ந்தெடுத்து மாறி மாறி வரவழையுங்கள், ஒன்பது மணிக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள். கூடவே இருக்க ஒரு பெரியவரையும் ஏற்பாடு செய்யுங்கள்.

உடைதான் என் பட்ஜெட்டில் முதலில் ஓட்டை போட்டது. வீரர்களுக்கு உலோக வளையக் கவசத்தை வாடகைக்கு எடுக்க ஒரு ஆளுக்கு வாரம் நூற்றுச் சொச்சம் டாலர் கேட்டார்கள். எங்கள் கட்டடத்தில் தையல் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். படத்தைக் காட்டினேன். "இதுக்கு ஏன் பிள்ளை இரும்பு? தடிச்ச கம்பளி நூல் காணும், பின்னிப்போட்டு வெள்ளிப் பெயின்ட் அடிச்சு விடுவம்" என்றார். சாம்பல் நிற நூலைப் பெரிய ஊசியில் தளர்வாகப் பின்னி, பால்கனியில் காயப்போட்டு, ஸ்ப்ரே பெயின்டை நுனியில் மட்டும் படும்படி லேசாக அடித்தார். பக்கத்தில் பார்த்தால் குளிர்காலச் சட்டை, பத்தாவது வரிசையிலிருந்து பார்த்தால் அசல் கவசம். லான்சலாட்டுக்கு மட்டும் உண்மையான அலுமினிய வளையம் வேண்டும் என்று இயக்குநர் அடம்பிடித்தார், எடுத்தோம். அவர் மூச்சு விட்டாலே அது உடம்போடு கட்டிய மைக்கில் சரசரவென்று கேட்டது. கடைசியில் அவரும் கம்பளிக்கே வந்தார். அலுமினியத்துக்குக் கட்டிய வாடகை கட்டியதுதான்.

மைக் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு நலம்விரும்பி தன் பழைய கம்பியில்லா மைக்குகளை இலவசமாகத் தந்தார், சந்தோஷமாக வாங்கிவைத்தேன். அவை 600 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் வேலை செய்பவை. அந்த அலைவரிசை 2019-இல் கைப்பேசி நிறுவனங்களுக்கு ஏலத்தில் போய்விட்டது. தொழில்நுட்ப ஒத்திகையில் ராணி பாடும்போது இரைச்சல், பிறகு ஒன்றுமே இல்லை. கடைசி நேரத்தில் வாடகைக்கு எடுத்ததால் இரண்டாயிரம் டாலருக்கு மேல் ஆனது. பழைய கருவியை யார் தந்தாலும் பின்னால் எழுதியிருக்கும் அலைவரிசை எண்ணை முதலில் பாருங்கள். வாள்களைப் பற்றிச் சுருக்கமாக: முனை மழுங்கிய மேடை வாள், சண்டை சொல்லித்தரத் தெரிந்த ஆள், ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் எல்லாச் சண்டையையும் மெதுவாக ஒருமுறை செய்து பார்ப்பது. இந்த மூன்றில் மிச்சம் பிடிக்காதீர்கள். அரங்கம் கேட்ட இருபது லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீட்டை எடுக்கும்போது, வாள் சண்டை உண்டு என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

டிக்கெட் விற்பனை எனக்குப் பாடம் எடுத்தது. இளைஞர்கள் வெள்ளி, சனி இரவு வருவார்கள் என்று விளம்பரத்தை எல்லாம் அங்கே கொட்டினோம். நிரம்பியது ஞாயிறு மதியக் காட்சிதான். வந்தவர்கள் பெரும்பாலும் எழுபது தாண்டியவர்கள். கென்னடி சுட்டுக்கொல்லப்பட்ட 1963 நவம்பருக்குப் பிறகு சில நாளிலேயே அவர் மனைவி ஒரு பத்திரிகையாளரிடம், தன் கணவருக்கு இந்த நாடகப் பாட்டு பிடிக்கும் என்று சொல்லி, அவர் ஆட்சியைக் கேமலாட்டோடு ஒப்பிட்டார். அந்தப் பேட்டி 'லைஃப்' பத்திரிகையில் வந்தது. அந்தத் தலைமுறைக்கு இது வெறும் ராஜா ராணிக் கதை இல்லை. இடைவேளையில் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த நாளில் தான் எந்த வகுப்பறையில் இருந்தேன் என்று சொன்னார். அவர்கள் இரவில் கார் ஓட்ட மாட்டார்கள், பனியில் வரமாட்டார்கள், படி ஏற மாட்டார்கள். பழைய நாடகம் போட்டால் மதியக் காட்சியைக் கூட்டுங்கள், கதவருகே இருக்கைகளை அவர்களுக்கு ஒதுக்குங்கள். எங்கள் வெள்ளிக்கிழமைகளில் முக்கால்வாசி இருக்கை காலி.

நாடகம் முடிந்து, விருந்து முடிந்து, எல்லோரும் கட்டிப்பிடித்து விடைபெற்ற பிறகும் தயாரிப்பாளருக்கு வேலை முடியாது. வாடகைக்கு வந்த வசனப் புத்தகங்களிலும் இசைக்குறிப்புகளிலும் பென்சிலால் மட்டுமே எழுதலாம், திருப்பி அனுப்புமுன் அழித்துத்தான் அனுப்ப வேண்டும். அதை நடிகர்களிடம் முதல் நாளே சொன்னேன். புத்தகங்கள் என்னிடம் குவிந்தபோது ஒன்றில்கூட அழித்திருக்கவில்லை. பெல்லினோர் என்ற பாத்திரத்தில் நடித்தவர் மஞ்சள் மார்க்கரால் தன் வசனம் முழுவதையும் தீட்டியிருந்தார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, இரவு இரவாக அழித்தேன். ரப்பர் தூள் சோற்றுத் தட்டுவரை வந்தது. அப்போதுதான் எனக்கு முதல்முறையாக நிஜமான கோபம் வந்தது, அழுகையும் வந்தது. நஷ்டக் கணக்கு தெரிந்த அன்றுகூட அழவில்லை. இதற்கு வழி எளிது: புத்தகம் கொடுக்கும்போதே ஆளுக்கு ஐம்பது டாலர் முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள், அழித்துத் தந்தால்தான் திரும்பும். டிரம்பெட் வாசித்தவர் தன் இசைக்குறிப்புப் புத்தகத்தைத் தொலைத்துவிட்டார். அதையும் மஞ்சள் புத்தகத்தையும் கழித்துக்கொண்டுதான் எங்கள் முன்பணம் திரும்பியது.

மொத்தச் செலவு ஏறக்குறைய இருபத்தைந்தாயிரம், டிக்கெட் வருமானம் இருபதாயிரத்துக்கும் கீழே. குழுவின் சேமிப்பு ஆயிரத்துச் சொச்சத்தை எடுத்துக்கொண்ட பிறகு விழுந்த பள்ளத்தை நான் அடைத்தேன். கேட்டால் தருவார்கள் என்று சிலர் சொன்னார்கள், கேட்டேன். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள், குறிப்பேட்டிலும் எழுதினார்கள். இதுவரை வந்தது அறுநூறு டாலர், அதில் நூறு அந்த யாழ்ப்பாணத்து அக்கா கூலி வேண்டாமென்று திருப்பித் தந்தது. அதை அவரிடமே மறுபடி கொடுத்துவிட்டேன். குழு இப்போது பதிவாகிவிட்டது. அடுத்து நாலே பாத்திரம், ஒரே வீட்டுக்குள் நடக்கும் ஒரு நகைச்சுவை நாடகம், ஒன்றரை மணி நேரம், பாட்டு இல்லை, வாள் இல்லை. தயாரிப்பாளர் வேறொருவர். என் எக்செல் கோப்பை அனுப்பச் சொல்லிக் கேட்டார், மணி தாண்டினால் ஆகும் வாடகையைச் சிவப்பில் போட்டு அனுப்பியிருக்கிறேன்.